சாகதுக்கு பத்து நாள் முன்ன மனந்திரும்புனா இரட்சிப்பு உண்டா? அப்ப அம்மைக்க முப்பது வருஷம்?

பாறசாலைப் பையன் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பாறசாலை பக்கம், வீட்டுல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், சபைல ரெண்டும் கலந்து, அதனால எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஒரு விஷயம் ரெண்டு மாசமா மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. சபைல கேட்டா இவன் விசுவாசம் கொறஞ்சவன்னு நெனப்பாங்க, அதான் இங்க கேக்குதேன்.

எனக்க அப்பா ரெண்டு மாசம் முன்ன இறந்துட்டாவ. கல்லீரல். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தே குடி. அம்மை அண்டியாபீசுல, அதாவது முந்திரிக் கம்பெனில, கொட்டை உடைக்க (அண்டி தல்ல) போனவிய, முப்பது வருஷம், அந்த எண்ணெய்க் கறை கையில இருந்து போகவே போகாது, வெரல் நுனி எல்லாம் வெந்து தோல் உரிஞ்சு இருக்கும், அதோட வந்து எங்களுக்கு கொழம்பு வச்சு தருவாவ. கிலோ கணக்குலதான் கூலி. சம்பளம் போடுத நாள் அப்பா ஜங்ஷன்ல நிப்பாவ, காசு வீடு வந்து சேராது. அக்கா கல்யாணத்துக்குன்னு சேத்து வச்ச சிட்டிப் பணம் ஒரு நாள் காணாமப் போச்சு. நான் பிளஸ் டூ முடிச்சு மேல படிக்க ஆசப்பட்டேன், டைல்ஸ் கடைல லோடு எறக்கப் போனேன். அடி வாங்குன கதை எல்லாம் எழுத வேண்டாம்.

கடைசியில திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில பத்து நாள் கெடந்தாவ. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ போதகர் வந்து ஜெபம் பண்ணும்போ அப்பா ஏங்கி ஏங்கி அழுதாவ, ஆண்டவரே என்னைய மன்னியும்னு வாய்விட்டு சொன்னாவ, திருவிருந்து கேட்டு வாங்குனாவ. அம்மைக்க கையப் புடிச்சு ஒண்ணும் சொல்லாம அந்த வெரலயே தடவிக்கிட்டு இருந்தாவ. பெறவு பேச்சு நின்னு போச்சு.

அடக்க ஆராதனையில போதகர், இயேசுக்க பக்கத்து சிலுவைல தொங்கி கடைசி நேரத்துல மனந்திரும்புன கள்ளன்கிட்ட இயேசு சொன்னதப் பத்தி பேசுனாவ. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்". நம்ம சகோதரனும் அங்க இருக்காருன்னு சொன்னப்ப எல்லாரும் ஆமென் சொன்னாங்க. எனக்கு வாய் வரல்ல. இப்பவும் வரல்ல.

எனக்க கேள்வி இதுதான். எபேசியர் 2:8, 9 சண்டே ஸ்கூல்லயே மனப்பாடம், ஒப்பிச்சு பிரைஸ் எல்லாம் வாங்கியிருக்கேன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு". சரி. ஆனா வெள்ளிக்கிழம தவறாம உபவாசம் இருந்த எனக்க அம்மையும், பத்து நாள் அழுத அப்பாவும் ஒரே இடத்துக்குத்தான் போறாங்கன்னா, அம்மை எதுக்கு இத்தன பாடுபட்டாவ? தகுதியே பாக்காம குடுக்குததுதான் கிருபைன்னா அதுல நியாயம் எங்க இருக்கு? வாதம் பண்ண கேக்கல்ல. ராத்திரி தூக்கம் வரல்ல, அதான்.

வெள்ளறடை வெட்டுக்காரன்:

தம்பி, ஒங்க வருத்தம் படிச்சு மனசு கஷ்டமாயிட்டு. நான் தியாலஜி படிச்சவன் இல்ல, ரப்பர் வெட்டுதவன், எனக்குத் தெரிஞ்சத சொல்லுகேன்.

விடியுமுன்ன தலைல லைட்ட மாட்டிட்டு மரம் மரமா போவும்போ நான் அடிக்கடி நெனைக்கது இது. பால் மரத்துக்க உள்ள இருக்கு. அத பிடிக்க மரத்துல கெட்டி வச்ச தேங்காச் சிரட்டை பாலு உண்டாக்குமா? உண்டாக்காது. அது சும்மா தகரச் சில்லுக்க கீழ வாயத் தொறந்துட்டு நிக்கும், அவ்வளவுதான். புது சிரட்டைன்னோ கீறல் விழுந்த பழைய சிரட்டைன்னோ மரம் பாக்கதும் இல்ல. கமந்து கெடந்தா மட்டும் பால் மண்ணுல போவும். விசுவாசம்னு பைபிள் சொல்லுதது அந்த நிமிந்து நிக்குத சிரட்டையத்தான்னு எனக்கு தோணும். அது ஒரு சம்பாத்தியம் இல்ல. "பாத்தியா, நான் எப்பிடி நிமிந்து நின்னேன், அதான் எனக்கு பால் கெடச்சுது"ன்னு எந்த சிரட்டையும் சொல்ல ஏலாது. ஒங்க அப்பா அம்பது வருஷம் கமந்து கெடந்தாவ, கடைசி பத்து நாள்ல யாரோ நிமித்தி வச்சாவ. அந்த யாரோ ஆண்டவர்தான்.

இன்னொண்ணு, பவுல் எழுதுன ரோமர் 6:23 இருக்குல்லா, "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன்". ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் வரம். எங்க போதகர் ஒரு தடவ சொன்னாவ, அங்க சம்பளம்னு வருத கிரேக்கச் சொல்லு பட்டாளக்காரனுக்கு குடுக்குத படிக்காசுக்கு உள்ள சொல்லுன்னு. உழைச்சதுக்கு கிட்டுதது அது. நித்தியஜீவனுக்கும் சம்பளம்னே பவுல் எழுதியிருக்கலாம், எழுதல்ல. அதே ரோமர் 4:4ல, வேலை செய்யுதவனுக்கு கிட்டுத கூலி கிருபை இல்ல, அது கடன்னு தெளிவா சொல்லுதாரு. அம்மைக்கு பரலோகம் கூலியா கிட்டுதுன்னா ஆண்டவர் அம்மைக்கு கடன்பட்டவர்னு ஆயிரும். அண்டியாபீசு முதலாளி மாதிரி கிலோ பாத்து எண்ணிக் குடுக்குதவர்னு ஆயிரும். ஒங்க அம்மை அப்பிடி ஒருத்தரையா முப்பது வருஷம் கும்பிட்டாவ?

குழித்துறை அக்கா:

மேல எழுதுன அண்ணன் சொன்னது எல்லாம் வசனப்படி சரி. ஆனா எனக்கு ஒரு கோவம் இருக்கு, மறைக்காம சொல்லுதேன். நானும் குடிகாரன் வீட்டுல வளந்தவ.

நம்ம சபைகள்ல கிருபைய ரொம்ப லேசா எடுத்து வீசுதாங்க. அடக்க வீட்டுல, பொண்டாட்டி புள்ளைங்க முன்னால, காயம் காயுமுன்ன "நம்ம சகோதரன் பரதீசுல இருக்காரு"ன்னு சொல்லிட்டு பிரியாணி சாப்டுட்டு போயிருதாங்க, அந்த வீட்டுப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு கேக்க ஒரு ஆளு இல்ல. ஆண்டவர் மன்னிச்சாருங்கதும், மகன் இன்னைக்கே மன்னிச்சாகணுங்கதும் ஒண்ணு இல்ல தம்பி. ஆமென் சொல்ல வாய் வரல்லன்னா அது பாவம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சகேயு ஞாபகம் இருக்கா, ஜனங்ககிட்ட அநியாயமா வாங்குன வரி வசூல்காரன், லூக்கா 19. இயேசு அவன் வீட்டுக்குள்ள கால் வச்சது அவன் ஒண்ணும் திருப்பிக் குடுக்குமுன்ன. அது கிருபை. ஆனா அந்த கிருபை உள்ள வந்த ஒடனே அவன் எந்திச்சு நின்னு, எவன்கிட்ட அநியாயமா வாங்குனேனோ அவனுக்கு நாலத்தனையா திருப்பித் தாறேன்னு சொன்னான். யாரும் கேக்காமலே. யாக்கோபும் அதத்தான் சொல்லுதாரு, கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு. பவுலும் ரோமர் 6 தொடக்கத்துலயே, கிருபை பெருகட்டும்னு பாவத்துலயே நிப்போமான்னு கேட்டுட்டு ஒரே வார்த்தைல "கூடாதே"ன்னு முடிச்சுட்டாரு. எபேசியர் 2:8, 9 மனப்பாடம் பண்ணுத நாம பத்தாம் வசனத்த விட்டுருதோம், நற்கிரியை செய்யதுக்காகத்தான் சிருஷ்டிக்கப்பட்டோம்னு அங்க இருக்கு.

ஒங்க அப்பாக்கு திருப்பிக் குடுக்க நாள் இல்லாமப் போச்சு. அந்தக் கள்ளனுக்கும் இல்ல. ஆனா நீங்க எழுதுனதுல ஒரு வரி என்னய நிறுத்திட்டு. அந்த வெந்த வெரல தடவிக்கிட்டு இருந்தாவன்னு எழுதுனீங்களே. சகேயு பேசுனது அவருக்கு பேச ஏலாமப் போச்சு, அவரால முடிஞ்சது அவ்வளவுதான்னு எனக்கு தோணுது. அத மகன் கண்ணால பாத்திருக்கான். கோவத்த வச்சுக்கோங்க, அதயும் மறக்காதீங்க.

கொல்லங்கோடு கடலோரம்:

நான் ஆர்.சி., அதனால நீங்க இரட்சிப்புங்கத நாங்க மீட்புன்னு சொல்லுவோம், கிருபைங்கத அருள்னு சொல்லுவோம். மத்தபடி எங்களப் பத்தி நம்ம ஊர்ப்பக்கம் ஒரு தப்பான நெனப்பு உண்டு, ஆர்.சி.காரங்க புண்ணியம் சம்பாதிச்சு மோட்சம் போறவங்கன்னு. அது எங்க போதனை இல்ல. கத்தோலிக்க சபைய எதுத்து லூத்தர் 1517ல தொடங்குன சண்டைக்கு பதிலா கூடுன எங்க ஆயர்களுக்க திரெந்து சங்கமே 1547ல எழுதுனது, ஒருத்தன் கடவுளுக்கு ஏற்றவனா ஆகதுக்கு முன்ன அவன் செஞ்ச எதுவும், விசுவாசமோ நற்செயலோ, அந்த அருளுக்கு வெலையாகாதுன்னுதான். பெறவு உள்ள வித்தியாசங்கள் உண்டு, இல்லன்னு சொல்லல்ல. ஆனா 1999 அக்டோபர் 31 ஆக்ஸ்பர்க்ல லூத்தரன் காரங்களும் கத்தோலிக்க சபையும் சேந்து கையெழுத்துப் போட்ட அறிக்கையில, நம்ம தகுதியால இல்ல, அருளால மட்டுமே ஏத்துக்கப்படுதோம்னு ஒண்ணா சொல்லிட்டாங்க. 2006ல மெத்தடிஸ்ட் சபைகளும் அதுல சேந்தாங்க. நானூத்தம்பது வருஷ வழக்கு.

அம்மைக்க உபவாசம் வீணான்னு கேட்டீங்க. புனித அகுஸ்தினார் சொன்னதோட சாரத்த சொல்லுதேன்: நம்ம புண்ணியத்துக்கு கடவுள் முடி சூட்டும்போ தான் குடுத்த கொடைக்குத்தான் முடி சூட்டுதாரு. குடிகாரன் வீட்டுல முப்பது வருஷம் கசப்பு ஏறாம ஒரு பொம்பள ஜெபம் பண்ணுனாங்கன்னா அந்த பெலம் எங்க இருந்து வந்துது? அதுவும் அருள்தான். அப்பாக்கு கடைசில வந்தது அம்மைக்கு மொதல்லயே வந்துட்டு.

நாகர்கோவில் வாசு:

நான் இந்து, வைஷ்ணவ குடும்பம், தப்பா எடுக்காதீங்க, படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்துது. எங்க தாத்தா சொல்லுவாரு, குரங்குக்குட்டி தாயக் கெட்டியா புடிச்சுக்கும், பூனைக்குட்டி ஒண்ணும் செய்யாது, தாயே கவ்விக்கிட்டு போகும். எங்க வைஷ்ணவத்துல ரெண்டு பிரிவு உண்டு, வடகலைக்காரங்க மொதல் பக்கம், பிள்ளை லோகாசாரியார் வழில வந்த தென்கலைக்காரங்க ரெண்டாவது பக்கம், காரணமே இல்லாத கிருபைன்னே அவங்க பேசுவாங்க. ஒங்க மதமும் எங்க மதமும் ஒண்ணுன்னு சொல்ல வரல்ல, சிலுவை எங்ககிட்ட இல்ல, அது பெரிய வித்தியாசம். ஆனா இந்த கேள்வி தமிழ் நாட்டுக்கு புதுசு இல்லன்னு சொல்லத்தான். ஒங்க அம்மாக்கு என்னோட நமஸ்காரம் சொல்லுங்க.

பாறசாலைப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல்ல. குழித்துறை அக்கா எழுதுனது படிச்சு அழுதுட்டேன். சிரட்டை விஷயம் புரிஞ்சுது. ஆனா ஒண்ணு இன்னும் உறுத்துது. அப்பாக்கு கெடச்சது சரி, அவிய பாடு ஆண்டவர் பாடுன்னு விட்டுருதேன். எனக்கு கோவம் வருதது, ரெண்டுபேருக்கும் ஒரே அளவுங்கதுலதான். அதுல அம்மைய யாரோ கொறச்ச மாதிரி இருக்கு. நல்லா இருந்ததுக்கு ஒரு மரியாத இல்லாமப் போன மாதிரி.

மார்த்தாண்டம் தமிழாசிரியர், ஓய்வு:

மக்ளே, நீ கேட்டது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே கேட்டாச்சு, இயேசுவே அந்தக் கேள்விய கேக்கவச்சு கதை சொல்லியிருக்காரு. மத்தேயு 20. காலைல நம்ம ஜங்ஷன்ல கூலிக்கு ஆளு நிப்பாங்கல்லா, அப்பிடி நின்னவங்கள திராட்சத்தோட்டத்துக்காரன் கூப்பிட்டான், நாளுக்கு ஒரு பணம்னு பேச்சு. பதினோராம் மணிக்கு, அதாவது வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போ வந்தவனுக்கும் அதே ஒரு பணம். வெயிலச் சொமந்தவன் முறுமுறுத்தான். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா"ன்னு கேள்வி. நான் வேலைல இருந்த காலத்துல ஒவ்வொரு வருஷமும் இத வாசிக்கும்போ எனக்கே நெஞ்சு ஒத்துக்காது, அந்த வெயில்காரன் பக்கம்தான் எனக்கு. வருஷம் போவப் போவத்தான் ஒண்ணு கண்ணுல பட்டுது. அந்த சாயங்காலக்காரன் நாள் முழுக்க எங்க நின்னான்? யாரும் எங்களுக்கு வேலை தரல்லன்னு சொல்லுதான். இன்னைக்கு வீட்டுல அடுப்பு எரியுமான்னு தெரியாம பொழுது சாயிறவர நிக்கது சொகமான காரியமா? தோட்டத்துக்குள்ள இருந்தவனுக்கு வெயில் உண்டு, ஆனா சாயங்காலம் கூலி உண்டுங்க நிம்மதியும் காலைல இருந்தே உண்டு. ஒனக்க அம்மை காலைலயே உள்ள போனவ. ஒனக்க அப்பா குடிச்ச நாளு எல்லாம் வெளிய நின்னவரு. அவரு சொகமா இருந்தாருன்னா நெனைக்க? நாலு மணிக்கு கை நடுங்க சாராயத்துக்கு அலைஞ்ச மனுசன் எதுல சொகமா இருந்தாரு.

இப்ப ஒரு தமிழ் விஷயம், வாத்தியாரு பழக்கம், பொறுத்துக்கோ. நீ மனப்பாடம் பண்ணுன வசனத்துல "தேவனுடைய ஈவு"ன்னு இருக்கு. புள்ளைங்களுக்கு ஈவுன்னா வகுத்தல் கணக்குல வருததுதான் தெரியும். ஆனா அந்தச் சொல்லுக்க வேர் ஈ. ஈ, தா, கொடு, மூணும் கேக்கதுக்கு உள்ள சொல்லுதான், ஆனா தொல்காப்பியம் பிரிச்சு வச்சிருக்கு. தாந்தவன் உயந்தவன்கிட்ட கேக்கும்போ ஈ, சமமானவன் தா, உயந்தவன் கேக்கும்போ கொடு. அப்போ ஈவுன்னாலே, வாங்குதவன் கைநீட்டி நிக்குதவன், அவன்கிட்ட பேரம் பேச ஒண்ணும் இல்லன்னு அந்த சொல்லுக்க உள்ளயே இருக்கு. நம்ம வேதத்த மொழிபெயர்த்தவங்க இத நெனச்சு போட்டாங்களான்னு நான் சொல்ல வரல்ல, சொல்லு தானா சொல்லுது.

இந்த ஈவு நம்ம ஊருல சும்மா ஒரு உபதேசமா வரல்ல. 1806ல ரிங்கல்தௌபேங்க மிஷனரி மயிலாடிக்கு வந்தப்ப, அவர வரவழச்ச வேதமாணிக்கம் யாரு? சாமி பாக்க சிதம்பரம் வர நடந்து போன மனுசன், திரும்புத வழியில தஞ்சாவூருல சுவிசேஷம் கேட்டவரு. அப்போ நம்ம முன்னோருக்கு திருவிதாங்கூருல என்ன தகுதி இருந்துது? வழில நடக்க தகுதி இல்ல, பொம்பளைங்க மாருல சீலை போட தகுதி இல்ல, அதுக்கு 1859 வர போராட வேண்டி வந்துது. 1855 வர அடிமை முறையே சட்டப்படி இருந்துது. பொறந்ததுலயே தகுதி இல்லன்னு சொல்லப்பட்ட மனுசங்ககிட்ட ஒருத்தர் வந்து, தேவன் தகுதி கேக்காரே இல்லன்னு சொன்னா அது எப்பிடி கேட்டிருக்கும்னு யோசி. தகுதி பாக்காததுல நியாயம் எங்கன்னு நீ கேட்ட. தகுதி பாத்திருந்தா நீயும் நானும் அந்த சபைக்குள்ள கால் வச்சிருக்க மாட்டோம் மக்ளே. நாப்பது நாள் குழந்தையா ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நீ என்ன கிரியை செஞ்சு காட்டுன?

அம்மைய கொறச்ச மாதிரி இருக்குன்னு சொன்னியே. லூக்கா 15ல, சொத்த அழிச்சுட்டு திரும்பி வந்த இளையவனுக்கு அப்பன் விருந்து வச்சப்ப, மூத்த மகன் அதத்தான் சொன்னான், இத்தன வருஷம் ஊழியம் செஞ்சேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூட தரல்லன்னு. அப்பன் அவன அதட்டல்ல. வெளிய எறங்கி வந்து, வருந்திக் கூப்பிட்டு, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது"ன்னு சொன்னாரு. இளையவனுக்கு மோதிரமும் கொழுத்த கன்னும். மூத்தவனுக்கு அந்த வீடே. ஆனா ஒண்ணு கவனி. அந்தக் கதைல புலம்புனது அம்மையில்ல, மகன். ஒனக்க அம்மை ஒரு தடவயாவது இந்தக் கேள்விய கேட்டாளா? ஒனக்காக நீ கேக்குதியோ, அவளுக்காக கேக்குதியோ, அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ. தப்புன்னு சொல்லல்ல. ஒனக்கும் படிப்பு போச்சு, அடி வாங்கியிருக்க, ஒனக்காகவே கேட்டாலும் ஆண்டவர்கிட்ட கேக்கலாம், அவரு வெளிய எறங்கி வருதவரு.

பாறசாலைப் பையன்:

சார், நீங்க கேட்டது சரிதான். எனக்காகத்தான் கேட்டிருக்கேன் போல. ஒப்புக்கதுக்கு கஷ்டமா இருக்கு.

நேத்து ராத்திரி கரண்டு இல்ல, வெளித்திண்ணைல இருந்து போன் வெளிச்சத்துல எல்லாருக்க பதிலயும் அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன். வாசு அண்ணன் நமஸ்காரம் சொன்னத கேட்டு சிரிச்சாவ. சிரட்டை கதைய ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாவ. அண்டியாபீசு முதலாளி மாதிரியா ஆண்டவருன்னு வந்த எடத்துல, கிலோ எடை போடும்போ எப்பவும் கொறச்சுத்தான் போடுவான்னு சொன்னாவ. அப்பாவப் பத்தி நான் கேட்டேன், ஒங்களுக்கு கோவம் இல்லியாம்மான்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல்ல. "இருந்துது. ஆஸ்பத்திரியில வெரல புடிச்சப்ப கைய உருவிரலாம்னு நெனச்சேன். உருவல்ல"ன்னு மட்டும் சொன்னாவ.

பெறவு உள்ள போயி வெளக்கு ஏத்தி சோறு எடுத்து வச்சாவ. நான் திண்ணைலயே இருந்தேன். மூத்த மகன் கடைசில வீட்டுக்குள்ள போனானான்னு உள்ள இருந்தே கேட்டாவ. பைபிள்ல அது எழுதல்லம்மான்னு சொன்னேன். "எழுதல்லியா, சரி, நீ உள்ள வா, சோறு ஆறுது"ன்னாவ.

ஆமென் இன்னும் சொல்லல்ல. வாற ஞாயித்துக்கிழமை வீட்டுல ஜெபம் வச்சிருக்கோம், போதகர் வருவாவ, அக்காளும் பிள்ளையளும் வருவாங்க. முடிஞ்சா எல்லாரும் எங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க.